எம்.எவ்.ஏ. விண்ணப்பத்துக்கு எந்தக் கதையை அனுப்புவது?

வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்து முடித்த நீங்கள், அமெரிக்காவில் ஆக்க எழுத்துக்கான எம்.எவ்.ஏ. (நுண்கலை முதுமாணி) பட்டத்துக்கு விண்ணப்பிக்க எது முக்கியம் என்று கேட்டிருந்தீர்கள். எழுத்து மாதிரிதான், அதாவது நீங்கள் எழுதி அனுப்பும் கதையோ கவிதையோதான்; பெறுபேறெல்லாம் அதற்குப் பிறகு.

புனைகதைக்குப் பெரும்பாலும் 20–30 பக்கம், இரட்டை வரி இடைவெளியில். கவிதைக்குச் சுமார் 10. நாலைந்து கதைகளைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்பாதீர்கள்; ஒரு கதையை முடிவுவரை கொண்டுபோக உங்களுக்கு வருமா என்று தெரிவுக் குழுவால் பார்க்கவே முடியாமல் போகும். முழுமையான ஒன்றோ இரண்டோ போதும், நல்லது முதலில். உங்கள் கதையில் கரைவலை, தோணி என்று வருமிடத்தில் நின்று விளக்கம் எழுதவும் வேண்டாம். வலை இழுப்பவரின் உள்ளங்கையில் கயிறு அறுத்த தழும்பைக் காட்டுங்கள், புரிந்துவிடும்.

பரிந்துரைக் கடிதம் வழமையாக மூன்று. உங்கள் எழுத்தை உண்மையிலேயே வாசித்த விரிவுரையாளரிடம் ஒக்டோபரிலேயே கேளுங்கள். முடிவுத் திகதிகள் பெரும்பாலும் டிசெம்பர், ஜனவரி. இளமாணி முதலாண்டு மாணவருக்கு நீங்கள் கற்பித்தால் கட்டண விலக்கும் மாதப்படியும் தரும் பல்கலைக்கழகங்கள் பல உண்டு, அவற்றையே முதலில் தேடுங்கள். இலக்கிய எம்.ஏ. என்றால் கதை எடுபடாது, ஆய்வுக் கட்டுரைதான் கேட்பார்கள்.