பைக் ஓட்டும்போது தொடை இடுக்கு எரிகிறதா?

சென்னை வெயிலில் நாள் முழுவதும் பைக் ஓட்டுவதாகவும், மாலையில் தொடை இடுக்கு எரிவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வி வடிவ ஜட்டியின் விளிம்புத் தையல் சரியாக அந்த மடிப்பில்தான் உரசும். தொடையைச் சற்று மூடும் ட்ரங்க்ஸுக்கு மாறுங்கள். பருத்தி வியர்வையை உறிஞ்சும், ஆனால் சீக்கிரம் காயாது. மதியம் மாற்ற இன்னொன்று பையில் இருக்கட்டும். பெட்டியில் 85, 90 என்றிருப்பது இடுப்பளவு, சென்டிமீட்டரில். டேப்பால் அளந்து, நடுவில் விழுந்தால் பெரியதை எடுங்கள். முதலில் ஒன்றே ஒன்று வாங்குங்கள். மூன்றாக வாங்கிய என் வீட்டில் இரண்டு இப்போது வண்டி துடைக்கின்றன.

வட்டமாகச் சிவந்து அரித்தால் படர்தாமரையாக இருக்கலாம். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாக ஸ்டீராய்டு களிம்பு தடவினால் பரவும்.