ஜன்னல் இல்லாத அறையில் அம்மா

கேள்வி: எனக்கு வயது 41. அப்பா மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அம்மாவுக்கு 70 வயது நிறைவதையொட்டி, அவருக்குப் பரிசாக, குடும்பத்துடன் மத்தியதரைக் கடலில் 7 இரவுப் பயணத்துக்குப் பெரிய சொகுசுக் கப்பல் ஒன்றில் முன்பணம் கட்டியிருக்கிறேன். பார்சிலோனாவில் ஏறி மார்செய், ஜெனோவா, நேப்பிள்ஸ், மெசினா, வல்லெட்டா சென்று திரும்புவோம். எனக்கும் மனைவிக்கும் பால்கனி அறை. அம்மாவுக்கும், எங்கள் 9 வயது மகளுக்கும் 4 வயது மகனுக்கும் எதிரிலேயே ஜன்னல் இல்லாத உள்ளறை. அங்கே தூங்க மட்டும்தானே போகிறார்கள். ஆனால் என் அக்கா, முழங்கால் வலி உள்ள அம்மாவை ஏன் அலைக்கழிக்கிறாய் என்று சண்டை போடுகிறார், சுயநலக்காரன் என்கிறார். இவ்வளவு செலவு செய்தும் எனக்குக் கெட்ட பெயர்தானா? அவருக்கு எப்படிப் புரிய வைப்பது? கடல் மயக்கம் பற்றியும் சொல்லுங்கள்.

பதில்: கடல் மயக்கத்தை முதலில் முடித்துவிடலாம். அவ்வளவு பெரிய கப்பலில் கோடைகாலத்தில் ஆட்டம் பெரிதாக இருக்காது. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் உள்ள அறைகளில் அது இன்னும் குறைவு. மாத்திரையைப் பற்றி மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். அக்காவைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதையெல்லாம் ஒருமுறைதான் படித்தேன். "தூங்க மட்டும்தானே போகிறார்கள்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்களே, அந்த வரியை நான்கு முறை படித்தேன். தூங்க மட்டும்தான் அறை என்றால் உங்களுக்கு எதற்குப் பால்கனி?

அந்த உள்ளறையில் ஓர் அதிகாலையை நினைத்துப் பாருங்கள். எழுபது வயதில் உறக்கம் நான்கு, நான்கரை மணிக்கெல்லாம் கலைந்துவிடும். விளக்கைப் போட்டால் பேரப்பிள்ளைகள் எழுந்துவிடுவார்கள். போடாவிட்டால் நண்பகலா நள்ளிரவா என்றே தெரியாத இருட்டு. எழுந்து மேல்தளத்துக்குப் போய்க் கடலைப் பார்க்கலாம் என்றால், நான்கு வயதுப் பையனைத் தனியே விட்டுவிட்டு அவர் எப்படிப் போவார்? படுக்கையில் உட்கார்ந்தபடி காத்திருப்பார். அதே நேரத்தில், கப்பல் மால்டாவின் தலைநகரான வல்லெட்டாவின் பெருந்துறைமுகத்துக்குள் மெல்ல நுழைந்துகொண்டிருக்கும். 1565 ஒட்டோமான் முற்றுகைக்குப் பின், போர்வீரர்களாகவும் துறவிகளாகவும் இருந்த புனித யோவான் சபையினர் எழுப்பிய நகரத்தின் தேன்நிறக் கல்மதில்கள் விடியல் வெளிச்சத்தில் நெருங்கி வருவதைக் காண்பதற்காகவே அந்தப் பயணத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. உங்கள் பால்கனிக்கு அந்தக் காட்சி கிடைக்கலாம். பரிசு பெற்றவருக்குக் கிடைக்காது. சில கப்பல்களில் முன்புறக் கேமராவின் படத்தை அறைத் தொலைக்காட்சியில் காட்டுவார்கள், அதைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிடாதீர்கள்.

பல கப்பல் நிறுவனங்கள் பெரியவர் ஒருவரின் பெயர் இல்லாமல் பிள்ளைகளுக்குத் தனி அறை தருவதில்லை. உங்கள் முன்பதிவில் அந்தப் பெரியவர் உங்கள் அம்மா. அவரை நீங்கள் விருந்தினராக அழைத்துப் போகவில்லை. பிள்ளைகளின் அறைக்குப் பொறுப்பாளராக அழைத்துப் போகிறீர்கள். வேலையோடு சேர்த்துக் கொடுப்பதற்குப் பரிசு என்று நான் பெயர் வைக்க மாட்டேன், அதற்குக் கூலி என்ற பழைய சொல் இருக்கிறது. பிள்ளைகளை வளர்ப்பது பெற்றவர்களின் கடமை. பாட்டி ஆசைப்பட்டு ஏற்றுக்கொண்டால் அது அவருடைய அன்பு. அந்த அன்பைக் கேட்காமலே கணக்கில் எடுத்துக்கொள்ளும் மகன்களின் கடிதங்கள் எனக்கு மாதந்தோறும் வருகின்றன. எல்லோரும் செலவுக் கணக்கோடுதான் தொடங்குகிறார்கள். உங்கள் கடிதத்தில் அக்கா பேசுகிறார், நீங்கள் பேசுகிறீர்கள், அம்மா ஒரு வாக்கியம்கூடப் பேசவில்லை.

இது மனத்தாங்கல் விஷயம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2012 ஜனவரி 13 அன்று இரவு, இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா என்ற சொகுசுக் கப்பல் பாறையில் மோதியபோது மின்சாரம் போனது, கப்பல் சாய்ந்தது, 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறிய பயணிகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதன் பிறகு விதி மாறி, இப்போது கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்டவுடனோ அந்தப் பயிற்சியை நடத்தியாக வேண்டும். ஆபத்து நேரத்தில் மின்தூக்கியைப் பயன்படுத்தக் கூடாது என்று அதில் சொல்வார்கள். நள்ளிரவில் அபாய மணி ஒலித்தால், முழங்கால் வலியோடு, ஒரு கையில் நான்கு வயதுக் குழந்தையையும் மறு கையில் ஒன்பது வயதுப் பெண்ணையும் பிடித்துக்கொண்டு படியிறங்க வேண்டியவர் உங்கள் அம்மாவா? எதிர் அறைதானே, ஓடி வந்துவிடுவோம் என்பீர்கள். கப்பலின் மறுகோடியில் இரவுக் காட்சி பார்த்துக்கொண்டிருந்தாலும் ஓடி வருவீர்களா?

நேப்பிள்ஸில் என்ன திட்டம் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் ஊகிக்கிறேன்: நீங்களும் மனைவியும் எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய நகரமான பாம்பேய்க்குப் போவீர்கள், கல் பாவிய தெருக்களில் அம்மாவால் நடக்க முடியாது, ஆகவே அவர் பிள்ளைகளுடன் கப்பலில் இருப்பார். சொந்த ஏற்பாட்டில் வெளியே போனவர்கள் தாமதித்தால் கப்பல் காத்திருக்காது என்பதை நினைவில் வையுங்கள். நீங்கள் கரையில் நிற்க, அம்மா இரண்டு பிள்ளைகளுடன் மெசினா போய்ச் சேர்வார்.

முழங்கால் வலி ஒரு தடையே அல்ல. நேப்பிள்ஸில் துறைமுகக் கட்டடத்தை விட்டு வெளியே வந்தாலே, 13ஆம் நூற்றாண்டில் தொடங்கிய கோட்டை எதிரில் நிற்கும். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து பார்க்கலாம். வல்லெட்டாவில் கரையோரத்திலிருந்து மேல் நகரத்துக்கு 58 மீட்டர் உயரம் தூக்கிச் செல்லும் மின்தூக்கி இருக்கிறது. ஏறினால், முழுத் துறைமுகமும் தெரியும் பூங்கா. கப்பல் 300 மீட்டருக்கும் மேல் நீளமாக இருக்கக்கூடும் என்பதால், நடைபாதைக் கோடியில் இல்லாமல் மின்தூக்கிக்குப் பக்கத்தில் அவருக்கு அறை கேளுங்கள். பெரும்பாலான பெரிய கப்பல்களில் மூன்று வயது நிரம்பிய பிள்ளைகளுக்குப் பகலில் சிறுவர் மன்றம் உண்டு. அதற்கான நேரத்தை நீங்களும் உங்கள் மனைவியும் விசாரித்து வையுங்கள். அது பாட்டியின் வேலை அல்ல.

உங்கள் அக்காவையும் நான் விடுவதாக இல்லை. அம்மாவின் முழங்காலுக்காக இவ்வளவு பரிந்து பேசுபவர், அந்த ஒரு வாரம் உங்கள் பிள்ளைகளில் ஒருவரையாவது தன் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னாரா? உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். முழுத் தொகையும் கட்ட வேண்டிய நாளுக்கு முன் அறைகளை மாற்றிக்கொள்ளப் பெரும்பாலும் இடமிருக்கும். பால்கனி அறையை அம்மாவின் பெயருக்கு மாற்றுங்கள். மகள் பாட்டியோடு தங்குவதா என்பதைப் பாட்டியே சொல்லட்டும். மகனோடு நீங்களும் மனைவியும் உள்ளறையில் இருங்கள். இளம் வயது, அங்கே நன்றாகத் தூக்கம் வரும். அதற்கு முன் அம்மாவிடம் நேரில் கேளுங்கள். "எனக்கு எதுக்குப்பா பால்கனியெல்லாம்" என்று அவர் சொல்வார். நிச்சயமாகச் சொல்வார், அதைக் கேட்டு நிம்மதியாகத் திரும்பி வந்துவிடாதீர்கள். மறுநாள் மறுபடியும் கேளுங்கள்.

அக்காவுக்கு என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். புதிய முன்பதிவுத் தாளில் அம்மாவின் பெயருக்கு நேரே பால்கனி என்று அச்சாகி வந்த பிறகு அதை அவருக்கு அனுப்புங்கள். அதுவரை அவரிடம் வாதாட உங்களிடம் ஒன்றும் இல்லை.