கோட்டாறு கடையை இடிக்கணுமா?

கேள்வி: அண்ணாச்சி, நாகர்கோவில் கோட்டாறு கம்போளத்துல, அதான் சந்தையில, எங்க தாத்தா காலத்து பலசரக்குக் கடை இருக்கு. ஓட்டுக் கூரை, முன்னால கதவுக்குப் பதிலா வரிசையா நிறுத்துற நிரைப்பலகை. மழைக்கு ஒழுகுது, சுவர்ல ஓதம் ஏறி பூச்சு உதிருது. அண்ணன் இடிச்சிட்டு கான்கிரீட் போடணும்ங்கான், எனக்கு மனசே வரல. என்ன செய்ய?
- வாசகர், கோட்டாறு

பதில்: தம்பி, இடிக்காதீங்க. அந்தச் சுவர்ல இடையில யாராவது சிமெண்ட் பூசினாங்களான்னு முதல்ல பாருங்க. சுண்ணாம்புல கட்டின சுவர் ஈரத்தை இழுக்கும், வெளியவும் விடும், அது மேல சிமெண்டை அப்பிட்டா ஈரம் போக வழியில்லாம உள்ளயே நின்னு உப்பு பூத்து பூச்சு பொரிஞ்சு விழத்தான் செய்யும். அதைத் தட்டி எடுத்துட்டு சுண்ணாம்பே பூசுங்க, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவச்ச தண்ணி சேத்து அரைக்கத் தெரிஞ்ச கொத்தனார் கிடைச்சா விட்டுராதீங்க.

ஒழுகுறதுக்கு ரீப்பர், அதான் ஓடு உக்காருற மரச்சட்டம், இத்துப்போய் ஓடு நகந்திருக்கும், இல்லன்னா நாலு ஓடு உடைஞ்சிருக்கும், அவ்வளவுதான். ஆனில ஒரு மழை ஐப்பசில ஒரு மழைன்னு ரெண்டு பருவமும் அடிக்கிற ஊருக்குச் சரிவுக் கூரை மாதிரி வேற எதுவும் வராது.

நிரைப்பலகையை மட்டும் கழட்டி ஷட்டர் போட்டுராதீங்க. சின்ன வயசுல எங்க கடையில காலையில பலகை எடுக்கது என் வேலை, ஒவ்வொண்ணுக்கும் உள்பக்கம் உளியால கோடு வெட்டியிருக்கும், அஞ்சாவதை ஆறாவது இடத்துல வச்சா பலகை நிக்கிற பள்ளமான காடியில நுழையாது, எல்லாத்தையும் எடுத்துட்டா கடை முழுசும் தெருவைப் பாத்து திறந்துரும், மல்லி மூட்டை வாசம் ரோட்டுக்கு வரும். அயனிப் பலகை, இன்னிக்கு அந்தக் கனத்துல மரம் வாங்க முடியுமா?

நாகர்கோவில் மணிக்கூண்டான மணிமேடையை 1893ல திருவிதாங்கூர் மூலம் திருநாள் மகாராஜா திறந்தாரு, அதை ஊரே கொண்டாடுது. கோட்டாறு சந்தை அதை விட எவ்வளவோ பழசு, அந்தக் காலத்து கிரேக்க புவியியல்காரர் தாலமி கோட்டியாரான்னு எழுதினது இதைத்தான்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்லுகாங்க. 1949 வரைக்கும் திருவிதாங்கூர்லயும், அப்புறம் 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியிலயும்தான இருந்தோம், தாத்தா கணக்கு நோட்டு இருந்தா பாருங்க, சக்கரம்னு அந்தக் காலத்துக் காசுல எழுதியிருக்கும், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபா. அதையும் பத்திரமா வைங்க.

அண்ணன் சொல்லுகதுலயும் நியாயம் இருக்கு, இடம் பத்தாதுதான். இந்தக் கடையெல்லாம் முகப்பு குறுகலா உள்ள நீளமாப் போகும், பின்னால முற்றம் கிடந்தா கான்கிரீட்டை அங்க போடச் சொல்லுங்க, தெருப்பக்கம் அப்படியே நிக்கட்டும். கூரையைச் சரிபண்ண ஓடுகளை இறக்கும்போது உடையாத ஓடுகளைத் தனியா அடுக்குங்க, ஓட்டுப் பின்பக்கம் கம்பெனி முத்திரை இருக்கும், அதே முத்திரை பாத்து பழைய ஓடு விக்கிற இடத்துல மிச்சத்தை வாங்குங்க, வேற அளவுன்னா ஒண்ணோட ஒண்ணு கவ்வாது. ஐப்பசிக்கு முன்ன முடிச்சிருங்க.