வளைவு சுழியம் என்றால் அண்டம் முடிவற்றதா?

பிளாங்க் விண்கலத்தின் 2018 முடிவில், வெளி எவ்வளவு வளைந்திருக்கிறது என்று சொல்லும் வளைவு எண் 0.0007 ± 0.0019, அதாவது ஏறக்குறைய சுழியம் என்பதால் அண்டம் முடிவற்றதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. (விண்மீன் திரள் பரவல் தரவையும் சேர்த்த பிறகு வந்த எண் அது.)

அந்த எண் எதிர்க்குறி என்றால் மூடிய அண்டம், அதாவது கோளப் பரப்புபோலத் தன்னுள் மூடிய, முடிவுள்ள வெளி. இரண்டு சிக்மா (பிழை அளவான 0.0019-இன் இரு மடங்கு) கீழே போனால் −0.0031. ஹபிள் தொலைவு (ஒளிவேகத்தை அண்டத்தின் இன்றைய விரிவு வீதத்தால் வகுத்தது) சுமார் 1,450 கோடி ஒளியாண்டு, அதை 0.0031-இன் வர்க்கமூலமான 0.056-ஆல் வகுங்கள். வளைவு ஆரம் ஏறக்குறைய 26,000 கோடி ஒளியாண்டு. நம் பார்வை எல்லையோ 4,600 கோடிதான். ஆக, மூடியிருந்தால் கிட்டத்தட்ட இதைவிடச் சிறியதல்ல, அவ்வளவே.

கருவியை எவ்வளவு கூர்மையாக்கினாலும் 0.0001 அளவுக்குக் கீழே பயனில்லை. அங்கே ஆதி அடர்த்தி ஏற்றத்தாழ்வே வளைவுபோல வேஷம் போடும்.

தவிர, வளைவு துல்லியமாகச் சுழியமானாலும் எதிர்ப்பக்கங்கள் ஒட்டிய டோரஸ் வெளி முடிவுள்ளதே. அப்படியானால் ஒரே இடம் இரு திசைகளில் தெரியலாம்; அதற்காக ஆதி அண்டத்தின் எஞ்சிய ஒளியான நுண்ணலைப் பின்னணியில் ஒரேமாதிரி வட்டச் சோடிகளைத் தேடினார்கள், சிக்கவில்லை.