கடைசியாக எழுத வேண்டிய கடிதம்

ஐயா,

வணக்கம். சென்ற வாரம் திருமங்கலத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, விமானப்படையை விட்டுவிட்டு ஏர்லைன்ஸ் விமானியாகச் சேர நினைக்கும் உங்கள் மகனைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டீர்கள். "ஆகாயத்தில் பஸ் ஓட்டவா அவனை அமராவதி நகர் சைனிக் பள்ளிக்கு அனுப்பினேன்?" ஏர்பஸ் என்று பெயர் வைத்தவர்களே அதை ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. உங்கள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். இதே கவலையோடு வேறு சில குடும்பங்களும் என்னிடம் வருவதால், நீங்கள் சம்மதித்தபடி பெயரை மட்டும் விட்டுவிட்டு எல்லோரும் படிக்கும்படி பதில் எழுதுகிறேன்.

முதலில் மானப் பிரச்சினையை முடித்துவிடலாம். 1932 அக்டோபர் 15 அன்று இந்தியாவில் டாட்டாவின் தபால் விமானச் சேவை தொடங்கியது. கராச்சியிலிருந்து பம்பாய் வரை ஓட்டியவர் ஜே.ஆர்.டி. டாட்டா என்பது எல்லோருக்கும் தெரியும். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். அவர் பிரிட்டிஷ் விமானப்படையின் முன்னாள் விமானி. படையை விட்டு வந்தவர்களின் கை இந்தத் தொழிலில் முதல் நாளிலிருந்தே இருக்கிறது. உங்கள் மகன் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டு சேவை செய்திருக்கிறார். மனைவியும் குழந்தையும் சென்னையில் இருக்க, அவர் அஸ்ஸாமின் ஜோர்ஹாட்டில் ஏ.என்-32 சரக்கு விமானம் ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு மணி நேரப் பேச்சில் நீங்கள் மருமகளை ஒரு முறைகூடக் குறிப்பிடவில்லை என்பதைக் கவனித்தேன். இந்த முடிவில் பாதி அவருடையது.

இனி கணக்கு. தம்பி, அதாவது உங்கள் மகன், தேசியப் பாதுகாப்பு அகாடமியான என்.டி.ஏ. வழியாகப் போனவர், ஓய்வு வயது வரை பணியில் இருக்கக்கூடிய நிரந்தர கமிஷன். அதனால் 20 ஆண்டுத் தகுதிச் சேவை முடித்தால்தான் ஓய்வூதியம். அது உங்கள் ஓய்வூதியம் போன்ற பழைய முறைதான். கடைசியாக வாங்கிய ஊதியத்தில் பாதி, ஆயுள் முழுக்க. அவருக்குப் பின் குடும்பத்துக்குக் குடும்ப ஓய்வூதியம். உங்கள் பள்ளியில் 2003 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்த இளம் ஆசிரியர்கள் இதற்காக எத்தனை ஆண்டு போராடினார்கள் என்பது உங்களுக்கே தெரியும். குறுகியகாலச் சேவை கமிஷனில் போனவர்களின் கதை வேறு. பறக்கும் பிரிவில் அவர்களுக்கு 14 ஆண்டு, ஓய்வூதியம் கிடையாது. அவர்கள் வெளியே வருவது தேதி குறிக்கப்பட்ட விஷயம் என்பதால் "விடலாமா" என்ற கேள்வியே எழாது, "தயாரா" என்பதுதான் கேள்வி.

உங்கள் மகனுக்கு வயது 34. எட்டு ஆண்டு பொறுத்தால் 42 வயதில் ஓய்வூதியத்தோடு வரலாம். பயணிகள் விமானத்தில் 65 வயது வரை ஓட்டலாம். ஆக இப்போது வந்தால் 31 ஆண்டு, பிறகு வந்தால் 23 ஆண்டு. "எட்டு ஆண்டுச் சம்பள வித்தியாசத்தைப் பாருங்கள், பென்ஷனெல்லாம் சுண்டைக்காய்" என்று தம்பி போனில் என்னிடம் வாதிட்டார். அதில் நியாயம் இருக்கிறது. ஏர்லைன்ஸில் பணிமூப்புதான் எல்லாம். எந்த விமானம், எந்த ஊர், எப்போது கேப்டன் என்பதெல்லாம் சேர்ந்த தேதியைப் பொறுத்தது. தலைமை ஆசிரியர் பதவி உயர்வுக்கு முன்னுரிமைப் பட்டியலில் நாலு இடம் பின்னால் போய்விட்டு எத்தனை ஆண்டு காத்திருந்தீர்கள் என்று நீங்களே சொன்னீர்கள். அதே கதைதான். ஒரு வித்தியாசம், இங்கே ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் பட்டியலின் அடியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

ஆனால் தம்பி ஒன்றைக் கவனிக்கவில்லை. படையை விட்டு வருவதற்கான விலை ஆண்டுக்கு ஆண்டு ஒரே அளவில் இருப்பதில்லை. ஐந்தாம் ஆண்டில் வந்தவன் இழப்பது கொஞ்சம். பதினேழாம் ஆண்டில் வருபவன், மூன்றே ஆண்டில் கைக்கு வரவிருந்த ஆயுள்கால வருமானத்தை விட்டுவிட்டு வருகிறான். அறுப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது வயலை விற்பது மாதிரி. அதனால் என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: வருவதென்றால் இன்னும் ஓரிரு ஆண்டுக்குள் வந்துவிட வேண்டும், இல்லையென்றால் இருபதை முடித்துவிட்டு வர வேண்டும். பதினைந்து, பதினாறில் மனம் சலித்துப்போய் எழுதிக் கொடுப்பது மட்டும் கூடாது. நான் பார்த்தவர்களில் வருத்தப்பட்டவர்கள் பெரும்பாலும் அந்த நடுவாந்தரத்தில் வந்தவர்கள்தான்.

இதில் இன்னொரு முடிச்சு. எழுதிக் கொடுத்தால் உடனே விட்டுவிடுவார்கள் என்று தம்பி நினைக்கிறார். படை விமானி ஒருவரை உருவாக்க அரசு செலவழிப்பது கொஞ்சநஞ்சமல்ல. முன்கூட்டியே விடுவிப்பது தலைமையகத்தின் முடிவு, அதிகாரியின் உரிமை அல்ல. மறுக்கலாம், தாமதிக்கலாம். வெளியேறும் தேதி தன் கையில் இருப்பதாக எண்ணிக்கொண்டு சென்னையில் வீட்டுக்கடன் வாங்கிவிடக் கூடாது.

ஆகவே ராஜினாமா கடிதம் கடைசியாக எழுத வேண்டிய கடிதம். அதற்கு முன் நாலைந்து காகிதங்கள் கையில் வர வேண்டும், அவற்றின் வரிசையும் முக்கியம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் மருத்துவச் சான்று. படையில் ஆண்டுதோறும் பரிசோதனை நடக்கிறதே என்பார். அது படையின் சான்று. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககமான டி.ஜி.சி.ஏ.வின் முதல் வகுப்புச் சான்று தனி. பெங்களூரில் உள்ள விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிறுவனத்திலேயே அந்தச் சோதனைக்கும் ஏற்பாடு உண்டு. இதில் தேறாவிட்டால் மற்ற எல்லாச் செலவும் வீண் என்பதால்தான் இதை முதலில் வைக்கிறேன். போர்விமானம் ஓட்டியவர்களுக்கு முதுகெலும்புத் தொல்லை இருக்கலாம், நாற்பதை நெருங்கும்போது சர்க்கரையும் ரத்த அழுத்தமும் எட்டிப் பார்க்கும். நம் ஊர்ச் சாப்பாட்டைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டாம்.

அடுத்தது டி.ஜி.சி.ஏ. தேர்வுகள். வான்வழிச் செலுத்துதல், வானிலை, விமான விதிகள் என்று தாள்கள் உண்டு. தேர்ச்சிக்கு 70 சதவீத மதிப்பெண் வேண்டும். சென்னையிலேயே எழுதலாம். பல ஆயிரம் அடி உயரத்தில் அருணாசலப் பிரதேச மலைகளுக்கு நடுவே சரக்கு இறக்கியவருக்கு வானிலைத் தேர்வு எம்மாத்திரம் என்று தோன்றும். தோற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓட்டத் தெரியாததால் அல்ல. சிவில் விதிமுறைகளைப் புத்தகமாக உட்கார்ந்து படிக்காததால். பணியில் இருந்துகொண்டே எழுதுவதற்கு மேலதிகாரியின் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பறந்த மணிக்கணக்கில் தம்பிக்குக் குறை இல்லை. வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் போதும். கேப்டனாக அமர வேண்டிய ஏ.டி.பி.எல். உரிமத்துக்கு 1500 மணி நேரம். ஏ.என்-32 இரட்டை எஞ்சின் விமானம் என்பது பெரிய சாதகம், ஒற்றை எஞ்சின் போர்விமானத்தில் வளர்ந்தவருக்கு அந்த அனுபவத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும். ஆனால் அந்தக் கணக்கு, பதிவேட்டில் வரி வரியாக, அலகின் தலைமை அதிகாரி கையெழுத்தோடு இருந்தால்தான் டி.ஜி.சி.ஏ. ஏற்கும். அலகு மாறி மாறிப் போனவர்களின் பதிவேட்டில் எங்காவது ஒரு கையெழுத்து விட்டுப் போயிருக்கும். அந்த அதிகாரி இப்போது எங்கே இருக்கிறார் என்று தேடுவதைப் படையில் இருக்கும்போதே செய்வது எளிது.

உங்களால் ஆகக்கூடிய வேலை ஒன்றும் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல், கணித மதிப்பெண்களுக்கு வாரியத்தின் உண்மைத்தன்மைச் சான்று கேட்பார்கள். உண்மைத்தன்மை என்றாலே உங்களுக்குப் பழைய நினைவுகள் வரும், எத்தனை ஆசிரியர்களுக்கு இந்தக் காகிதத்துக்காகப் பணப்பலன் நின்றுபோனது! சைனிக் பள்ளி சி.பி.எஸ்.இ. என்பதால் அந்த வாரியத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். ஜோர்ஹாட்டில் இருந்துகொண்டு அவர் அலைவதைவிட இதை நீங்கள் கையில் எடுத்துக்கொள்ளலாம்.

இத்தனை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் மேலூர்ப் பக்கத்துப் பிள்ளை ஒருவர். ஹெலிகாப்டர் விமானி. படையை விட்டு வந்த பிறகுதான் என்னிடம் வந்தார். ஏர்லைன்ஸ் கதவைத் தட்டியபோது, ஹெலிகாப்டர் மணிக்கணக்கு விமான உரிமத்துக்கு அப்படியே செல்லாது என்று தெரிந்தது. இறக்கை விமானத்தில் புதிதாகப் பயிற்சி எடுக்க வேண்டும், அதற்குப் பணம் வேண்டும், அதற்குள் வயது ஓடும். சேமிப்பில் ஒரு பங்கு கரைந்த பிறகு அந்த ஆசையை விட்டார். ஹெலிகாப்டரிலேயே வணிக உரிமம் வாங்கி, இன்று மும்பைக் கடலில் எண்ணெய் மேடைகளுக்கு ஆட்களை ஏற்றிப் போகிறார். நன்றாகத்தான் இருக்கிறார். வெட்டியாகப் போன இரண்டு ஆண்டுகளைப் பற்றி மட்டும் பேச மாட்டார்.

உரிமம் வந்தாலும் வேலை முடியவில்லை. ஏர்பஸ் ஏ320, போயிங் 737, ஏ.டி.ஆர். என்று எந்த விமானத்தில் அமரப் போகிறாரோ அந்த வகைக்கான தகுதிப் பயிற்சியை சிமுலேட்டரில் முடிக்க வேண்டும். செலவு பல லட்சம். சில கம்பெனிகள் தாங்களே பயிற்சி தந்து ஒப்பந்தப் பத்திரத்தில் கட்டிப்போடும். அந்தப் பத்திரத்தைக் கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள், என்னிடம் அல்ல.

நீங்கள் "தனியாரை எப்படி நம்புவது" என்று கேட்டது சரியான கேள்வி. கிங்ஃபிஷர் 2012இல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் நின்றது. 2020இல் கொரோனா வந்தபோது நிலைத்து நின்ற கம்பெனிகளிலேயே சம்பளத்தை வெட்டினார்கள். படையில் இருந்தவர்களுக்கு அந்த ஆண்டும் முதல் தேதி சம்பளம் வந்தது. அதனால் வெளியே வரும் நாளில் குறைந்தது ஓர் ஆண்டுக் குடும்பச் செலவு வங்கியில் இருக்க வேண்டும், உரிமம் இழந்தால் பணம் தரும் காப்பீடு ஒன்றும் எடுக்க வேண்டும். உடம்புச் சான்று போனால் விமானிக்குத் தொழிலே போய்விடும், ஆசிரியரைப் போல மருத்துவ விடுப்பு எழுதிவிட்டு வர முடியாது. சேர்ந்த பிறகு பிடிக்கவில்லை என்று உடனே மாறவும் முடியாது. துணை விமானி ஆறு மாதமும் கேப்டன் ஓர் ஆண்டும் முன்னறிவிப்பு தர வேண்டும் என்பது 2017 முதல் உள்ள விதி.

பணத்தைவிடத் தம்பிக்குச் சிரமமாக இருக்கப்போவது வேறொன்று என்று நினைக்கிறேன். ஸ்குவாட்ரன் லீடராகக் கட்டளையிட்டுப் பழகியவர் முதல் நாள் வலப்பக்க இருக்கையில், துணை விமானியாக உட்கார்வார். இடப்பக்கம் இருக்கும் கேப்டன் அவரைவிட ஐந்தாறு வயது இளையவராக இருக்கலாம், படை வாசலையே மிதிக்காதவராக இருக்கலாம். அங்கே சாமர்த்தியத்துக்குப் பாராட்டுக் கிடையாது. இறங்குவதற்கான வேகமும் உயரமும் சரியாக அமையவில்லையென்றால், சமாளித்து இறக்குபவரைவிட மறுபடி மேலெழும்பிச் சுற்றி வருபவரைத்தான் நல்ல விமானி என்பார்கள். இதைத் தம்பியிடம் கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பழகிக்கொள்வேன் சார்" என்றார். அந்த மௌனம் எனக்குப் பிடித்திருந்தது. உடனே பதில் சொல்லியிருந்தால்தான் கவலைப்பட்டிருப்பேன்.

வேலைக்குப் போனதும் மகன் மதுரையிலேயே இருப்பார் என்ற நினைப்பு உங்கள் பேச்சில் தெரிந்தது. மதுரைப் பெருங்குடியில் விமானம் இறங்குகிறது என்பதற்காக விமானியும் அங்கேயே குடியிருக்க மாட்டார். பெருநகரம் ஒன்றுதான் அவருடைய தளமாக இருக்கும். சென்னை கிடைத்தால் மருமகளுக்கு நல்லது, ஆனால் தொடக்கத்திலேயே கிடைக்கும் என்று யாரும் உறுதி தர மாட்டார்கள். வாராந்தர ஓய்வை 48 மணி நேரமாக விதிகள் உயர்த்தியிருக்கின்றன. அந்த ஓய்வு தீபாவளியன்று வரும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

உங்களோடு வந்திருந்த பேரப்பிள்ளை, பிளஸ் ஒன் படிக்கிறானே, அவனுக்கும் ஒரு வார்த்தை. விமானப்படையின் நாலாண்டு வீரர் பணியான அக்னிவீர் வாயுவில் சேர்ந்தால் விமானி ஆகலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆக முடியாது. விமானியாக என்.டி.ஏ. போன்ற அதிகாரித் தேர்வுகளை எழுத வேண்டும், இயற்பியலும் கணிதமும் விடக் கூடாது. அவனைத் தனியாக அழைத்து வாருங்கள், சித்தப்பா கதையோடு கலக்க வேண்டாம்.

அடுத்த மாதம் விடுமுறையில் தம்பி வருவதாகச் சொன்னீர்கள். பறந்த பதிவேட்டின் நகலோடு அவரையும், முடிந்தால் மருமகளையும் அழைத்து வாருங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளும் அதற்கு முந்தைய நாளும் வேண்டாம், கோரிப்பாளையத்தைத் தாண்டி என் அலுவலகத்துக்கு யாராலும் வர முடியாது. அதற்குள் சி.பி.எஸ்.இ. விண்ணப்பத்தை அனுப்பிவிட்டீர்கள் என்றால், ஒப்புகைச் சீட்டையும் எடுத்து வாருங்கள்.