நிதி தரும் நிறுவனம் வெளியீட்டைத் தடுக்கும் உரிமை கேட்டால்

வணக்கம். தன் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் ஆய்வு முடிவுகளை வெளியிடக் கூடாது என்று நிதி தரும் நிறுவனம் ஒப்பந்தத்தில் சேர்த்திருப்பதாகவும், துறைத்தலைவர் அதை வழக்கமான வாசகம் என்று சொல்லி உங்களைக் கையெழுத்திடச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படியே கையெழுத்திடாதீர்கள்.

காப்புரிமைக்கு விண்ணப்பிக்கவும் தன் ரகசியத் தகவல்களை நீக்கக் கோரவும் நிறுவனத்துக்குச் சில வாரங்கள் அவகாசம் தருவது பல பல்கலைக்கழகங்கள் ஏற்கும் நடைமுறைதான். ஆய்வு முடிவுகளின் வெளியீட்டையே தடுக்கும் உரிமை முற்றிலும் வேறு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் ஆய்வாளர் பெட்டி டாங் (Betty Dong) தைராய்டு மருந்துகளை ஒப்பிட்டுச் செய்த ஆய்வு, இதே போன்ற நிபந்தனையால் 1995-இல் அச்சேறும் தறுவாயில் திரும்பப் பெறப்பட்டு, 1997-இல்தான் வெளிவந்தது. விலை குறைந்த மாற்று மருந்துகளும் நிதி தந்த நிறுவனத்தின் மருந்துக்குச் சமமானவையே என்ற முடிவு, அவற்றை நாள்தோறும் உட்கொள்ள வேண்டியவர்களுக்கு எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வேதனையாக இருக்கிறது.

நிறுவனம் கருத்துச் சொல்லலாம், வெளியிடும் முடிவு ஆய்வாளருடையது என்ற வாசகத்தைச் சேர்க்குமாறு பல்கலைக்கழகத்தின் ஒப்பந்தப் பிரிவை எழுத்து மூலம் கேளுங்கள். வாய்மொழி உறுதி, எவ்வளவு நல்லெண்ணத்தோடு தரப்பட்டாலும், போதாது. துறைத்தலைவருக்கு அந்த நிறுவனத்தில் ஆலோசகர் பொறுப்போ பங்குகளோ இருக்குமானால், அவர் அதை அறிவித்துவிட்டு இந்தப் பேச்சிலிருந்து விலகியிருப்பதே முறை.