மாத்திரைக்கு எத்தனை சட்டை?

மருந்தைச் சுற்றியிருக்கும் பாலிமர் (நீண்ட சங்கிலி மாதிரி மூலக்கூறுகளால் ஆன பொருள்) அடுக்குகள் பற்றிச் சென்னை நண்பர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும்.

பெரம்பூர் நண்பர்: சார், அம்மாவால் விழுங்க முடியவில்லை. பாண்டோபிரசோல் என்ற அசிடிட்டி மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுக்கிறேன். தப்பா?

தப்புதான். அந்த மருந்து அமிலத்தில் சிதைந்துவிடும். மேலே இருக்கும் பூச்சு இரைப்பையில் கரையாமல் தாக்குப்பிடித்து, குடலுக்குப் போனதும் கரையும். பொடித்தால் அந்தக் காவல் போச்சு. டாக்டரிடம் சொல்லி வேறு வடிவம் கேளுங்கள்.

தாம்பரம் வாசகி: அப்பாவின் பிரஷர் மாத்திரை மலத்தில் முழுசாக வருகிறதே?

வருவது வெறும் கூடாக இருக்கலாம். சில நீண்ட நேர மாத்திரைகளுக்குள் இரண்டு அடுக்கு உண்டு: மேலே மருந்து, கீழே நீர் பட்டால் வீங்கும் பாலிமர். வீங்கிய அடுக்கு, லேசரால் போட்ட சின்னத் துளை வழியாக மருந்தைப் பிதுக்கித் தள்ளும். கூடு மட்டும் மிஞ்சும். உங்களுடையது அந்த வகைதானா என்று மருந்துக்கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மயிலாப்பூர் பெரியவர்: என் ஸ்டென்ட் மேல் பிளாஸ்டிக் இருக்கிறதாமே?

ஸ்டென்ட் என்பது ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய். மருந்து பூசிய ஸ்டென்ட்கள் பலவற்றில் பாலிமர் உண்டு. 2003-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மருந்து ஸ்டென்டில் மூன்று அடுக்கு: உலோகத்தோடு ஒட்ட ஒன்று, மருந்து கலந்த ஒன்று, மருந்தே இல்லாத மேல்பூச்சு ஒன்று. மருந்து அவசரப்படாமல் கசிய வைப்பது அந்த மேல்பூச்சுதான். கரையாத பாலிமர் சிலருக்கு ரத்தக்குழாயை உறுத்தியதால், பின்னாளில் கரைந்துபோகும் வகைகளும் வந்தன. ரத்தம் உறையாமல் இருக்கத் தந்த மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அடையாறு எம்.எஸ்சி. மாணவி: லேயர்-பை-லேயர் பூச்சை லேபில் எப்படிச் செய்வது சார்?

எதிரெதிர் மின்சுமை உள்ள பாலிமர்களை மாறி மாறி அடுக்குவதுதானே அது, இரண்டு பீக்கர் போதும் அம்மா. ஒன்றில் நேர்மின்சுமை உள்ள கைட்டோசான், மற்றதில் எதிர்மின்சுமை உள்ள ஆல்ஜினேட். கண்ணாடித் துண்டை முதலாவதில் முக்கி, கழுவி, இரண்டாவதில் முக்கி, மறுபடி கழுவ வேண்டும். ஒவ்வொரு முக்கலிலும் மேற்பரப்பின் மின்சுமை மாறுவதால் அடுத்தது தானே வந்து ஒட்டும். 1990-களில் கெரோ டெக்கர் என்ற விஞ்ஞானி பிரபலமாக்கிய முறை. கைட்டோசானுக்குக் கொஞ்சம் அசிட்டிக் அமிலம் விடுங்கள், இல்லாவிட்டால் கரையாது. கழுவுவதில்தான் எல்லோரும் கோட்டை விடுவோம். நானும் ஒருமுறை அவசரத்தில் கழுவாமல் முக்கி, பீக்கரில் வெள்ளை வெள்ளையாகத் திரண்டுபோனது. அன்று மதியம் முழுக்க வீண்.

அதே மாணவி: அப்படியென்றால் இந்த அடுக்குகளுக்குள் மருந்துகளை வைத்தால், கடைசியாக வைத்த மருந்துதான் முதலில் வெளியே வருமா?

காகிதத்தில் அப்படித்தான். ஆனால் பாலிலைசின், ஹயலூரானிக் அமிலம் மாதிரி பாலிமர் ஜோடிகளில் சங்கிலிகள் அடுக்கு விட்டு அடுக்கு நகரும், எல்லாம் கலந்தே வரும். நடுவில் ஒரு தடுப்பு அடுக்கு போட்டு அளந்து பாருங்கள். அதற்கு முன் தீசிஸில் எழுதிவிடாதீர்கள்.